தெப்பம் சொல்லும் பாடம்

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபம் ஏற்றிய மறுநாள் முதல் மூன்று இரவுகள் ஐயங்குளத்தில் தெப்பத் திருவிழா நடைபெறும். விளக்கொளியில் தெப்பம் குளத்தைச் சுற்றி வருவதைக் கரையில் நின்று கண்டவர்கள் நம்மில் பலர் இருப்பர். மேலே உயர்ந்த அலங்காரம் இருந்தும் தெப்பம் சாய்வதில்லை. ஏன்?

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து விடை காணலாம். அண்டா நீரில் ஓர் எவர்சில்வர் தட்டையும் உயரமான டம்ளரையும் மிதக்கவிடுங்கள். டம்ளர் நிமிர்ந்து நிற்காமல் சாய்ந்துவிடும். அகன்ற தட்டு அசையாமல் மிதக்கும். இப்போது தட்டின் நடுவில் சில கூழாங்கற்களை வையுங்கள். தட்டு சற்றே அமிழும், ஆனால் கவிழாது. அதே கற்களை ஓர் ஓரத்திற்கு நகர்த்துங்கள். விளிம்பு தாழ்ந்து, நீர் உள்ளே புகுந்து, தட்டு மூழ்கிவிடும். எடை கூடவில்லை, இடம் மாறியது, அவ்வளவுதான்.

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்குகிறது என்பதை 2,200 ஆண்டுகளுக்கு முன்பே ஆர்க்கிமிடீஸ் கண்டறிந்தார். ஆனால் சாய்ந்த கலம் மீண்டும் நிமிருமா, கவிழுமா என்ற கேள்விக்கு 1746-இல் பியர் பூகே என்ற பிரெஞ்சு அறிஞர் தெளிவான விளக்கம் தந்தார். கலம் சாயும்போது நீரின் மேல்நோக்கிய உந்துவிசை செயற்படும் இடமும் பக்கவாட்டில் நகரும். அவ்விசையின் கோடு கலத்தின் நடுக்கோட்டைச் சந்திக்கும் புள்ளிக்கு அவர் ‘மெட்டாசென்டர்’ என்று பெயரிட்டார். கலத்தின் ஈர்ப்பு மையம் அப்புள்ளிக்குக் கீழே இருந்தால் கலம் தானே நிமிரும். மேலே ஏறிவிட்டால் கவிழும். கலம் அகன்றிருந்தால் அப்புள்ளி உயரும். தெப்பத்தின் இரகசியமும் நம் மீனவர்களின் கட்டுமரத்தின் இரகசியமும் இதுவே.

அறிவு ஏட்டில் இருந்தது. ஆயினும் உயிர்கள் போய்க்கொண்டேயிருந்தன. இங்கிலாந்தில் அளவுக்கு மீறிச் சரக்கேற்றிய கப்பல்கள் மாலுமிகளோடு மூழ்கின. சாமுவேல் பிளிம்சால் என்ற பாராளுமன்ற உறுப்பினர் இடைவிடாது போராடியதன் பயனாக, கப்பலின் பக்கத்தில் பாரக்கோடு வரைய வேண்டும் என்ற சட்டம் 1876-இல் வந்தது. அக்கோட்டை எங்கே வரைவது என்பதைக் கப்பல் உரிமையாளரிடமிருந்து பறித்துச் சட்டமே வரையறுக்க 1890 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

உயிர்காப்பு அங்கிக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1854-இல் கேப்டன் வார்ட் என்பவர் தக்கையாலான அங்கியை வடிவமைத்தார். 1861 பிப்ரவரியில் விட்பி துறைமுகத்தில் புயலில் சிக்கியோரை மீட்கச் சென்ற படகு கவிழ்ந்தது. அதிலிருந்த 13 பேரில் 12 பேர் மாண்டனர். பிழைத்த ஒருவர் தக்கை அங்கி அணிந்திருந்தார்! மனித உடலின் அடர்த்தி ஏறக்குறைய நீரின் அடர்த்தியே. ஆதலின் தலையை நீருக்கு மேல் நிறுத்தச் சிறிதளவு கூடுதல் மிதப்பே போதும். அதைத்தான் அங்கி தருகிறது.

இனி நம் பக்கம் வருவோம். 1924 ஜனவரியில் கேரளத்தின் பல்லனையில், அளவுக்கு மீறி ஆளேற்றிய ‘ரிடீமர்’ படகு கவிழ்ந்து மகாகவி குமாரன் ஆசான் உயிரிழந்தார். 2009 செப்டம்பர் 30-இல் தேக்கடி ஏரியில் ‘ஜலகன்னிகா’ என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டனர். 45 பேர் மாண்டனர். 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில், உல்லாசப் பயணம் சென்ற 22 பேரைப் படகு விபத்து பலி கொண்டது. 2023 மே 7-இல் மலப்புரம் மாவட்டத்துத் தானூரில், அளவுக்கு மீறி ஆளேற்றிய உல்லாசப் படகு கவிழ்ந்து மேலும் 22 பேர் இறந்தனர். நம் தட்டுச் சோதனையில் கற்கள் செய்ததையே தேக்கடியில் மனிதர்கள் அறியாமற் செய்தனர். மேலடுக்கில் ஏறினாலும், எழுந்து நின்றாலும் ஈர்ப்பு மையம் உயரும். ஒருபுறம் கூடினால் அது பக்கவாட்டில் நகரும்.

1917-இல் நீராவிப் படகுகளுக்கென வந்த பழைய சட்டத்தின் இடத்தில், 2021-இல் புதிய உள்நாட்டு நீர்க்கலச் சட்டம் இயற்றப்பட்டது. பதிவு, தகுதிச் சான்று, உயிர்காப்புச் சாதனங்கள் ஆகியவற்றை அது வலியுறுத்துகிறது. ஆனால் துறையில் நின்று ஏறுபவர் நாம்தாம். திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்பெண்ணையின் குறுக்கே 1958-இல் கட்டப்பட்ட சாத்தனூர் அணையின் முழு நீர்மட்டம் 119 அடி. இத்தகைய ஆழத்தில் படகு கவிழ்ந்தபின் அங்கியைத் தேடிப் பயனில்லை.

ஆகவே படகேறுமுன் அங்கியை அணிந்து வார்களை இறுகக் கட்டுங்கள். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏறினால் இறங்கி அடுத்த படகுக்குக் காத்திருங்கள். ஏறியபின் அமர்ந்த இடத்திலேயே இருங்கள். தட்டில் கல்லை நகர்த்திப் பார்த்த மாணவர் எவருக்கும் இதன் காரணத்தை வேறொருவர் சொல்லத் தேவையில்லை.