பேரம் பேசுதல்

மாட்டுச் சந்தையைக் கண்ட அன்பர்கள் அறிவர். வாங்குவோனும் தரகனும் கைகளைத் துண்டினால் மூடிக்கொண்டு, விரல்களைத் தொட்டே விலை பேசுவர். பேச்சு மாட்டைப் பற்றியது. ஆயினும் மாட்டின் சம்மதத்தை எவரும் கேட்பதில்லை.

பேரம் என்பதற்கு வியாபாரம் என்றும் பொருளுண்டு. தெலுங்கில் 'பேரமு' என்றும் கன்னடத்தில் 'பேர' என்றும் அது வழங்கும். அதனுடன் 'பேசுதல்' சேரும்போது, இருவர் விலையைச் சொல்லியும் மறுத்தும் ஓர் உடன்பாட்டுக்கு வருதல் என்றாகிறது. உடன்பட்டால் 'பேரம் படிந்தது' என்கிறோம். இல்லையேல் எழுந்து போகிறோம். எழுந்து போகும் உரிமையே இவ்வினையின் உயிர். அவ்வுரிமை இல்லாதவனிடம் விலை சொல்வது பேரமன்று, கட்டளையேயாம்.

மலாய்க்காரர் இதனைத் 'தாவார்' என்பர். பசாரில் மீனுக்கும் துணிக்கும் தாவார் செய்த நம் தோட்ட மக்கள், தம் உழைப்புக்கு விலை பேசினரோ? பேச விடப்படவில்லை. கங்காணி ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்தார். வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்காசு பெற்றார். அவர் யாருக்காகப் பேசுவார்? கூலியைத் துரைமாரும் அதிகாரிகளுமே தீர்மானித்தனர். 1938-இல் கூலி குறைக்கப்பட்டபோது, உதவிப் பயணத்தில் தொழிலாளர் மலாயாவுக்கு வருவதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. அப்பேரத்திலும் துண்டுக்கடியில் இருந்தவை அரசாங்கங்களின் விரல்களே. தொழிலாளியின் விரல் அன்று.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலி கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடச் சொல்லினர். துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழிக்கக் கோரினர். கூலியோடு மானத்தையும் சேர்த்தே அவர்கள் விலை பேசினர். மே மாதத்தில் அவர்கள் தலைவர் ஆர். எச். நாதன் கைதானார், படை வந்தது, தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். எனினும் துண்டு விலக்கப்பட்டுவிட்டது. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றி, முதலாளிகளுக்கு எதிரே அமர்ந்து கூட்டுப் பேரம் பேசிற்று.

அன்பர்களே! நம் வீடுகளில் அத்துண்டு விலகிவிட்டதா? கூடத்தில் இரு வீட்டாரும் நகையும் ரொக்கமும் பேசுகையில், மணப்பெண் அடுக்களையில் நிற்கிறாள். அவளும் கூடத்துக்கு வந்தமர்ந்து, வேண்டாவிடில் 'படியவில்லை' என்று எழுந்து போகும் நாளிலேதான், இச்சொல்லின் பொருளை நாம் முழுதும் அறிந்தவராவோம்.