சாய்ந்து, தடித்து, ஒடுங்கிய எழுத்து

ஆங்கில நாளிதழின் விளம்பரப் பக்கத்தைப் புரட்டும்போது ஒருவகை எழுத்து உங்கள் கண்ணை இழுத்திருக்கும். அது உயரத்தில் வளர்ந்து, அகலத்தில் குறுகியிருக்கும், கோடுகள் பருத்திருக்கும், ஓடுகிறவனைப் போல முன்புறம் சாய்ந்திருக்கும். சாய்வு, தடிப்பு, ஒடுக்கம் ஆகிய இம்மூன்று பண்புகளும் ஒரே நாளில் பிறந்தவை அல்ல. வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தேவைகளால் தோன்றிப் பின்னர் ஓரெழுத்தில் கூடியவை. அவை எப்படிக் கூடின என்று பார்ப்போம்.

மூன்றிலும் மூத்தது சாய்வு. இத்தாலியின் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூசியஸ் என்னும் பதிப்பாளர், 1501இல் வர்ஜில் என்ற இலத்தீன் கவிஞரின் நூலைக் கைக்கு அடக்கமான சிறிய அளவில் வெளியிட்டார். அதற்கு எழுத்தைச் செதுக்கிக் கொடுத்தவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அறிஞர்கள் விரைந்து எழுதிய கையெழுத்தே அதற்கு மாதிரி. விரையும் கை சாய்வாக எழுதும். ஆகவே அச்செழுத்தும் சாய்ந்தது. அன்று அது கூவி அழைக்கும் எழுத்தன்று. நூல் முழுவதுமே அதில்தான் அச்சாயிற்று. நேரெழுத்துகளுக்கு நடுவே ஒரு சொல்லைத் தனித்துக் காட்டச் சாய்வெழுத்தைக் கையாளும் வழக்கம் பிற்பாடுதான் வந்தது.

தடிப்பு பிறக்க மேலும் முந்நூறு ஆண்டுகள் ஆயின. தொழிற்புரட்சியால் இலண்டன் நகரக் கடைகளில் சரக்குகள் குவிந்தன. லாட்டரிச் சீட்டும் நாடகமும் மருந்தும் சுவரொட்டிகளில் போட்டியிட்டன. நூலுக்கென அமைந்த மெல்லிய எழுத்து, தெருவில் நடப்பவர் கண்ணுக்கு எட்டவில்லை. எனவே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுத்து வார்ப்படச்சாலைகள் கோடுகளைப் பருக்கச் செய்தன. 1845இல் ராபர்ட் பெஸ்லி 'கிளாரண்டன்' என்ற தடித்த, சற்றே ஒடுங்கிய எழுத்தை வெளியிட்டார். அகராதியில் தலைச்சொல்லை எடுத்துக்காட்ட அது பயன்பட்டது.

ஒடுக்கத்துக்குக் காரணம் இட நெருக்கடி. சுவரொட்டியின் அகலத்துக்கு ஓர் எல்லை உண்டு. நாடகத்தின் பெயர் நீளமானால் என்ன செய்வது? எழுத்தைச் சிறிதாக்கினால் தொலைவிலிருந்து தெரியாது. ஆகவே உயரத்தைக் குறைக்காமல் அகலத்தை மட்டும் நெருக்கினார்கள். மிகப் பெரிய எழுத்துகளை ஈயக் கலவையில் வார்த்தால் கனம் தாங்காது. 1827இல் நியூயார்க்கைச் சேர்ந்த டேரியஸ் வெல்ஸ், மரத்தில் எழுத்துகளைக் கடையும் பொறியை உருவாக்கினார். அதன்பின் பெரிய எழுத்துகள் மலிந்தன.

நாளிதழிலும் இதே நெருக்கடி இருந்தது. 1840களில் அமெரிக்காவில் ஹோ நிறுவனம் அமைத்த அச்சு இயந்திரத்தில், சுழலும் உருளையின் மீதே எழுத்துகள் பொருத்தப்பட்டன. அவை கழன்று விழாதபடி பத்திகளுக்கிடையே ஆப்புப் போன்ற தகடுகள் இறுக்கிப் பிடித்தன. எனவே தலைப்பு ஒரு பத்தியைத் தாண்ட முடியவில்லை. குறுகிய பத்திக்குள் பெரிய செய்தியைச் சொல்ல ஒடுங்கிய எழுத்தே கைகொடுத்தது.

மூன்று பண்புகளும் எளிதில் ஒன்றுசேர உலோகம் இடங்கொடுக்கவில்லை. அச்செழுத்தின் உடல் செவ்வகக் கட்டை. சாய்ந்த எழுத்தின் முனை கட்டைக்கு வெளியே நீண்டு, அழுத்தத்தில் ஒடிந்துவிடும். ஒளியச்சுக் கோப்பும், 1960களில் இங்கிலாந்தின் லெட்ராசெட் நிறுவனம் பரப்பிய தேய்த்து ஒட்டும் எழுத்துத் தாளும் இத்தடையை நீக்கின. பிரெட் லாம்பர்ட் அந்நிறுவனத்துக்காக 1963இல் 'காம்பாக்டா' என்ற ஒடுங்கிய எழுத்தை வரைந்தார். அக்குடும்பத்தில் தடித்துச் சாய்ந்த வடிவமும் உண்டு.

இவ்வளவு வலிமை பெற்ற எழுத்து எதையேனும் இழந்திருக்க வேண்டுமல்லவா? கட்டமிட்ட தாளில் நீங்களே சோதித்துப் பாருங்கள். 6 கட்ட உயரமும் 6 கட்ட அகலமும் கொண்ட சதுர வடிவில் ஆங்கில 'ஓ' எழுத்தை, ஒரு கட்டத் தடிமனில் வரையுங்கள். உள்ளே 16 கட்டங்கள் வெண்மையாக இருக்கும். இப்போது அகலத்தை மட்டும் 3 கட்டமாக்குங்கள். எழுத்து பிடிக்கும் இடம் பாதியாயிற்று. உள்வெண்மையோ 4 கட்டமாகச் சுருங்கிக் கால்பங்காயிற்று. கோட்டை இன்னும் தடித்தால் அதுவும் அடைபட்டுப் போகும். 'ஓ', 'டி', 'கியூ' ஆகியவற்றைப் பிரித்தறியக் கண்ணுக்கு இந்த வெண்மையும் வேண்டும்.

சாய்விலும் ஒரு சிக்கல் உண்டு. நேரெழுத்தைக் கணிப்பொறியில் அப்படியே சாய்த்தால், வளைந்த கோடுகள் இரு எதிர் மூலைகளில் தடித்து, மற்ற இரு மூலைகளில் மெலியும். அதனால்தான் நல்ல கலைஞர்கள் சாய்ந்த வடிவத்தைத் திருத்தி வரைகிறார்கள்.

டிங்கர், பேட்டர்சன் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் 1928இல் படிக்கும் வேகத்தை அளந்தார்கள். ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளால் மட்டும் அச்சான பகுதி, வாசிப்பைப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தாமதப்படுத்தியது. சாய்வெழுத்து சிறிதளவே தாமதப்படுத்தியது. கண்ணைக் கவர்வது வேறு, கண்ணுக்கு உதவுவது வேறு என்பது இதனால் புலனாகும்.

நாலைந்து சொற்களை நொடியில் உணர்த்த இந்த எழுத்துக்கு நிகரில்லை. ஆனால் மருந்துப் புட்டியின் எச்சரிக்கையையோ பள்ளிக் கண்காட்சியின் விளக்கத்தையோ அதில் அச்சிட்டால், பார்ப்பவர் உண்டு, படிப்பவர் இரார். அடுத்த முறை அட்டை எழுதும்போது, தலைப்புக்கு எந்த எழுத்து, செய்திக்கு எந்த எழுத்து என்று ஒருகணம் எண்ணிப் பாருங்கள்.