சினிமாவுக்குப் போன நாயனம்

திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகிற பாசஞ்சர் ரயிலில் ஏறி உட்காருங்கள். சேரன்மகாதேவி தாண்டியதும் ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். காருகுறிச்சி. தாமிரபரணிப் பாசனத்தில் வயலும் வாழையுமாக இருக்கிற ஊர். மண்பானை செய்வதில் பேர் போன ஊர். ஆனால் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் உங்களுக்குப் பானையா ஞாபகத்துக்கு வருகிறது? நாயனம் அல்லவா காதில் கேட்கிறது!

அதற்குக் காரணம் ஒரே ஒரு சினிமாப் பாட்டு. 1962 பொங்கலுக்கு வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தின் 'சிங்காரவேலனே தேவா'.

எம்.வி.ராமன் இயக்கிய படம். ஜெமினி கணேசன், சாவித்திரி, நடனத்துக்குக் குமாரி கமலா. டெக்னிகலரில் வந்த முதல் தமிழ்ப் படம் என்று பெரிய எதிர்பார்ப்பு. சரி, கதை என்ன? உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாதிப்பேர் விழிப்பார்கள். பாட்டைக் கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார்கள். கலர் மறந்துபோச்சு, கதை மறந்துபோச்சு, பாட்டு மட்டும் நிற்கிறது.

படத்தில் நாதஸ்வரம் வாசிப்பது ஜெமினி கணேசன். நிஜத்தில் ஊதியது காருகுறிச்சி பி.அருணாசலம். சாவித்திரிக்குப் பாடியவர் எஸ்.ஜானகி. ஆந்திரத்தின் குண்டூர்ப் பக்கம் பிறந்தவர். அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். எழுதியவர் கு.மா.பாலசுப்பிரமணியம். இசையமைத்த எஸ்.எம்.சுப்பையா நாயுடு யார் தெரியுமோ? அவரும் நம்ம பக்கம்தான். கடையநல்லூர்க்காரர். ஆக, அன்றைய திருநெல்வேலி ஜில்லாக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஆபேரி ராகத்தைத் தமிழ்நாட்டின் டீக்கடைகள் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள்.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? இருக்கிறது.

நாதஸ்வரம் அடிப்படையில் வெட்டவெளி வாத்தியம். ஆச்சா மரத்தில் கடைந்த நீளக் குழல், வாயில் வைத்து ஊதச் சீவாளி, கீழே அகன்ற அணசு. நாலு வீதிக்குக் கேட்கிற மாதிரிதான் அதைச் செய்திருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் பாடினால் குரல் காணாமல் போய்விடும். அதனால்தான் கச்சேரி மேடையில் வாய்ப்பாட்டோடு வயலினைப் பார்க்கலாம், புல்லாங்குழலைப் பார்க்கலாம், நாயனத்தைப் பார்ப்பது அபூர்வம். மைக்கும் ஒலிப்பதிவும் வந்த பிறகுதான் இந்த இரண்டையும் சமமாக நிறுத்தி வைக்க முடிந்தது. இந்தப் பாட்டு அதைச் செய்தது. அதிலும் கடைசியில் ஸ்வரங்கள் வரும் இடத்தில் குரல் எங்கே முடிகிறது, நாயனம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டவர்கள் அசந்துபோனார்கள்.

இந்த வாசிப்பு ஒரே நாளில் வந்ததில்லை. 1921-ல் பிறந்த அருணாசலம், நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என்.ராஜரத்தினம் பிள்ளையிடம் சிஷ்யராகச் சேர்ந்து, அவருக்குப் பக்கத்தில் இரண்டாம் நாயனம் வாசித்துப் பழகியவர். ராஜரத்தினம் பிள்ளை சாமானியரா? உச்சஸ்தாயியில் கூவும் திமிரி நாயனத்தை ஒதுக்கிவிட்டு, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் கைவேலையில் உருவான, சுருதி இறங்கிய பாரி நாயனத்தைக் கொண்டுவந்தவர். மேளக்காரர் என்றால் சட்டையில்லாமல் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும் என்று இருந்த காலத்தில், மேடை போட்டு உட்கார்ந்து வாசிப்பேன் என்று நிமிர்ந்தவர். 1940-ல் 'கவி காளமேகம்' படத்தில் கதாநாயகனாகவே நடித்தார். 1956-ல் அவர் மறைந்தபோது, 'அடுத்து யார்?' என்ற கேள்விக்கு ஜனங்கள் சொன்ன பதில்களில் காருகுறிச்சி முக்கியமானது.

அப்படியானால் சினிமாவுக்கு முன்பே அவர் பிரபலம்தான். யாருக்கு? கோயில் திருவிழாவில் ராத்திரி முழுக்க வீதியில் நின்று கேட்கிறவர்களுக்கு. சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிப்பார்கள். அப்புறம் தேர் முக்கில் நின்று ஒரே ராகத்தை மணிக்கணக்கில் விரிப்பார்கள். அதில் வார்த்தையே கிடையாது. ராகம் புரிந்தவனுக்கு அது சொர்க்கம். புரியாதவனுக்கு, ஏதோ மங்களகரமான சத்தம்.

அந்தப் 'புரியாதவனை'த்தான் சினிமாப் பாட்டு பிடித்தது. நாயனம் சொல்வதை ஜானகியின் குரல் வார்த்தையாகவும் ஸ்வரமாகவும் மொழிபெயர்த்துச் சொன்னது. ராகத்தின் பெயர் தெரியாதவனும் ராகத்தை முணுமுணுத்தான்.

கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? ரேடியோ. 1952-ல் தகவல் ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி.வி.கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று அகில இந்திய வானொலியில் அதற்குக் கதவைச் சாத்தினார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். நம்ம தெற்குச் சீமைக்குக் கொழும்பு பக்கம்தானே! 1957-ல் விவித் பாரதியைத் தொடங்கி டில்லி இறங்கி வந்தது. சினிமாப் பாட்டு சங்கீதத்தைக் கெடுக்கும் என்ற வாதத்துக்கு, கோயில் வாசிப்பை அப்படியே சினிமாவுக்குள் வைத்துக் காட்டிய 'சிங்காரவேலனே' ஒரு நல்ல பதில்.

கடல் தாண்டியும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் மிஸிஸிப்பியில் பருத்திக்காட்டுக் கறுப்பின மக்கள் வளர்த்தது ப்ளூஸ் இசை. அதன் தாய், வேலைப்பாட்டு. 1959-ல் அங்கே பார்ச்மன் சிறையில் கைதிகள் விறகு வெட்டிக்கொண்டே பாடியதை ஆலன் லோமாக்ஸ் என்பவர் பதிவு செய்தார். முன்குரல், ஜேம்ஸ் கார்ட்டர் என்ற கைதி. 2000-ல் வந்த 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' படத்தின் இசை ஆல்பத்தில் முதல் பாட்டாக அதை வைத்தார்கள். ஆல்பம் லட்சக்கணக்கில் விற்றது, 2002-ல் கிராமி விருதும் வாங்கியது. தன் குரல் உலகமெல்லாம் விற்கிறது என்பதே கார்ட்டருக்குத் தெரியாது! சிகாகோவில் தேடிப் பிடித்து 20,000 டாலர் காசோலையைக் கையில் கொடுத்தார்கள்.

நம்மவர் அந்த வகையில் கொடுத்துவைத்தவர். பாட்டு காருகுறிச்சியின் பெயரோடுதான் பரவியது. ஆனால் அனுபவிக்கக் காலம்தான் இல்லை. படம் வந்து இரண்டே வருஷம். 1964 ஏப்ரலில் காருகுறிச்சி அருணாசலம் காலமானார். 43 வயதுகூட நிறையவில்லை. அவர் கடைசியில் வாழ்ந்தது கோவில்பட்டியில். அதுவும் பருத்தி விளைகிற கரிசல் பூமிதான். பக்கத்து இடைசெவலில் இருந்த எழுத்தாளர் கி.ராஜநாராயணன் அவருடைய ரசிகர், நண்பர்.

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயம். பாட்டு தந்ததைச் சொன்னேன், எடுத்துக்கொண்டதையும் சொல்ல வேண்டும் இல்லையா? அன்றைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்றரை நிமிஷத்துக்குள் முடிந்துபோகும். ஒரு ராத்திரியை நிரப்பியவரை அந்தக் கணக்குக்குள் அடைத்து வைத்துக்கொண்டோம். கல்யாண வீட்டில் ஆலாபனை தொடங்கினால் பேச ஆரம்பிக்கிறோம். 'அந்தப் பாட்டை வாசியுங்க' என்று சீட்டு அனுப்புகிறோம். 1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தது. சிவாஜிக்காக மதுரை எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தார்கள். சீட்டில் இன்னும் ஒரு பாட்டு சேர்ந்தது.

பாட்டின் மேல் பழி போடாதீர்கள். அது வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்தது. உள்ளே போகாமல் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டது நாம்தான். சினிமாவுக்கு வெளியே காருகுறிச்சியார் வாசித்த ராகங்களும் ஒலிப்பதிவாகக் கிடைக்கின்றன. இன்று ராத்திரி 'சிங்காரவேலனே'யை ஒருமுறை கேளுங்கள். அதன் சூடு ஆறுவதற்குள் அவருடைய ஆலாபனை ஒன்றைப் போடுங்கள். அதில் ஜானகி வந்து அர்த்தம் சொல்ல மாட்டார். பத்து நிமிஷம் பொறுத்துக் கேட்டால் உங்களுக்கே கேட்க ஆரம்பிக்கும்.