எல்கையும் சாரதியும்

மதுரையிலிருந்து மேலூர்ப் பக்கமும் சிவகங்கைப் பக்கமும் விரியும் சமவெளியில், கோயில் திருவிழாவை ஒட்டிய ஒரு காலை வேளையில், தார்ச்சாலையின் அகலத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் இரட்டை மாட்டு வண்டிகள், கொடி அசைந்த கணத்தில் ஒருசேரப் பாய்ந்து புறப்படுவதைக் கண்டவர்களுக்கு, அந்தக் குளம்போசை நெடுநாள் காதைவிட்டு அகலாது. இதற்கு எல்கைப் பந்தயம் என்று பெயர். எல்லை என்னும் சொல்தான் இப்பக்கத்து வழக்கில் எல்கையாயிற்று. குறித்த தூரத்தில் உள்ள எல்லையைத் தொட்டுத் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கு முதலில் வந்து சேரும் வண்டியே வென்ற வண்டி. பெரிய மாட்டுக்குப் போகவர 8 மைல், சின்ன மாட்டுக்கு 6 மைல் என்று, மற்றெல்லாக் காரியங்களிலும் கிலோமீட்டர் வந்துவிட்ட பிறகும், மைல் கணக்கையே விடாமல் அச்சடிக்கிற ஊர்கள் உண்டு. கொங்கு நாட்டு ரேக்ளாவோ வேறு மரபினது; அங்கே 200 அல்லது 300 மீட்டர் நேர்பாதையில் வண்டிகளைத் தனித்தனியே ஓடவிட்டு நேரத்தைக் கணக்கிடுவார்கள். தென்பாண்டிச் சாரதிக்கு அந்தத் தனிமை கிடையாது. பக்கத்து வண்டியின் அச்சு தன் சக்கரத்தை உரசாமல் முந்துவதும், எல்கையில் வேகம் குன்றாமல் வண்டியைத் திருப்புவதுமே அவருடைய வித்தை.

மாடுகளைப் பருவமும் உயரமும் பார்த்துப் பிரித்து, பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு என்று இவ்வட்டாரத்தார் பெயரிட்டிருக்கிறார்கள். பாரமிழுக்கும் ஒரு பிராணியின் வேகத்தைக் கண்டு, அதற்குச் சிறகுள்ள ஜீவன்களின் பெயரைச் சூட்டத் தோன்றிய மனம் எத்தகைய ரசனை வாய்ந்ததாக இருந்திருக்கவேண்டும்!

இந்தப் பந்தயம் திருவிழாக் கேளிக்கையாக மட்டும் பிறந்ததன்று. ஒரு காலத்துப் பிரயாண வாழ்க்கையின் எச்சம் இது. 1875-ல் ரயில் மதுரையை எட்டிய பின்னரும், நிலையத்துக்கு அப்பாற்பட்ட ஊர்களுக்கு மாட்டு வண்டியே கதியாக இருந்தது. பஞ்சும் நெல்லும் பார வண்டியில் போயின. அவசர காரியங்களுக்கும் கல்யாணங்களுக்கும் மனிதர்கள் இலகுவான சவாரி வண்டியில் போனார்கள். 1895-ல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து வைகைப் படுகைக்கு வந்து, மேலூர்ச் சீமை வரை வயல்கள் பெருகியபோது, உழவு மாடுகளின் தேவையும் உடன் பெருகியது. அத்தகைய நாட்டில் வண்டியோட்டுவது தனித் தொழிலுமன்று, விசேஷத் திறமையுமன்று. நடக்கத் தெரிந்தவனுக்கெல்லாம் தெரிந்திருந்த சாதாரண அப்பியாசம்.

பிறகு மோட்டார் வந்தது. 1911-ல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தொடங்கிய நிறுவனம் இப்பிரதேசத்தின் சாலைகளில் பஸ்களை ஓடச்செய்தது. மாடுகளின் லாடத்திலிருந்து உதிரும் ஆணிகள் பஸ் டயர்களைக் குத்தியமையால், அவற்றைப் பொறுக்குவதற்கென்றே காந்தம் பொருத்திய வண்டியொன்றை அவர் சாலையில் ஓடவிட்டதாகச் சொல்வார்கள். ஒரு யுகம் தன் ஆணிகளைச் சிந்திக்கொண்டே விலக, மற்றொரு யுகம் அவற்றைப் பொறுக்கியபடி பின்தொடர்ந்தது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பஸ்ஸும், அதன்பின் லாரியும் டிராக்டரும் மாட்டின் வேலையை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்ட பிறகு, எல்லோருக்கும் பொதுவாயிருந்த ஓட்டும் கலை, அதை விட மனமில்லாத சிலரின் கையில் தங்கிற்று.

அந்தச் சிலரே சாரதிகள். இவர்களுக்கு இது ஜீவனோபாயமன்று. வருஷமெல்லாம் வயலிலோ கடையிலோ வேறு வேலையிலோ இருப்பவர்கள், திருவிழாக் காலத்தில் கயிற்றைக் கையில் பிடிக்கிறார்கள். சிறுவனாய்த் தட்டான்சிட்டு வண்டியில் ஏறியவர் நரை கண்ட பிறகும் பெரிய மாட்டு வண்டியை விட்டு இறங்க மனம் வராமல் இருப்பதுண்டு. வண்டிக்கு இருவர்: ஒருவர் கயிறு பிடிப்பவர், மற்றவர் துணைச் சாரதி, மாடு தளரும் இடத்தில் குதித்து உடன் ஓடிப் பாரத்தைக் குறைத்து, மீண்டும் தாவி ஏறுபவர். தார்க்குச்சியை நம்பி ஓட்டுகிறவனை நல்ல சாரதி என்று நான் ஒப்பமாட்டேன். இடமாடு வலமாட்டைவிடச் சற்று முன்னே இழுக்கிறதா, மூச்சு எந்த இடத்தில் வாங்குகிறது என்பதைக் கயிற்றின் அதிர்விலேயே அறிந்து, குரலாலேயே நடத்துகிறவர்தான் அந்தப் பெயருக்கு உரியவர்.

ஆனால் அறிவிப்பில் அச்சாவது மாட்டுக்காரரின் பெயர். வெற்றியும் இன்னாருடைய மாட்டுக்கு என்றுதான் கீர்த்தி பெறும். சாரதிக்குத் தனிப் பரிசு தரும் ஊர்கள் இருப்பது ஆறுதல். நளன் வாகுகனாகி இருதுபன்னனுக்குத் தேர் ஓட்டியபோது, நழுவிய மேலாடையை எடுக்கச்சொல்லி மன்னன் வாய்திறப்பதற்குள் தேர் காதங்களைக் கடந்துவிட்டது என்பது நாமெல்லாம் கேட்ட கதை. அந்த மகா சாரதியும் தன் பெயரை மறைத்துக்கொண்டே அல்லவா ஓட்டினான்!

நியாய ஸ்தலத்திலும் இதே மறைவுதான். இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் மாட்டுவண்டிப் பந்தயம் நடத்த அனுமதி கோரிய மனுவின்மீதுதான், 2006 மார்ச் 29 அன்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அதையும் ஜல்லிக்கட்டையும் சேர்த்துத் தடுத்தது. 2014 மே 7 அன்று உச்சநீதிமன்றமும் இரண்டையும் தடுத்தது. 2017 ஜனவரியில் சென்னைக் கடற்கரையிலும் மதுரைத் தமுக்கத்திலும் இளைஞர்கள் திரண்டதன் பயனாகச் சட்டம் திருத்தப்பட்டது. 2023 மே 18 அன்று அத்திருத்தம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. ஜல்லிக்கட்டு என்பதற்குள் மஞ்சுவிரட்டும் வடமாடும் எருதுவிடும் விழாவும் அடங்கும் என்று அச்சட்டம் வரையறுக்கிறது. வழக்குக்கு வித்தாயிருந்த வண்டிப் பந்தயத்தின் பெயர் அந்த வாசகத்தில் இல்லை. எனக்கு இது பெரிய மனக்குறை.

இன்று பந்தய மாடுகள் களத்துக்கு நடந்து வருவதில்லை. சின்ன லாரிகளில் வருகின்றன. ஓட்டம் முடிந்ததும் பூட்டாங்கயிற்றை அவிழ்த்து, வியர்த்த உடம்பைத் துடைத்து, தண்ணீர் காட்டி, மாடுகளைப் பலகை வழியாக மேலே ஏற்றுகிறார்கள். வண்டியையும் அவற்றின் பின்னாலேயே தூக்கி வைத்துக் கட்டுகிறார்கள். முன்னிருக்கையில் இடமிருந்தும், சாரதி பின்தட்டில் மாடுகளுக்கு நடுவே, இரண்டின் மூக்கணாங்கயிற்றையும் பிடித்தபடி, ஊர்வரை நின்றுகொண்டே போகிறார்.