கெட்டவர்களை மட்டும் கடிக்கும் காட்டேரியும், 19 வயது மெர்சியும்

1/
இன்றைக்கு ரத்தக் காட்டேரிகளின் வரலாறு. த்ரெட் கொஞ்சம் நீளம்தான், பொறுமையா வாசிங்க. பேய்க் கதை மாதிரி ஆரம்பிக்கும். முடியும்போது உங்க வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் தேவையான ஒரு மருத்துவத் தகவல் கையில் இருக்கும்.

2/
இப்போது வரும் காட்டேரிக் கதைகளில் ஒரு வகை ரொம்பப் பிரபலம். காட்டேரிக்கு வயது குறைவு. இப்போதுதான் வளர்ந்து வருகிறது. பசி வந்துவிட்டது, ரத்தம் குடிக்காமல் இருக்க முடியாது. ஆனால் மனசு கேட்கவில்லை. அதனால் ஒரு முடிவுக்கு வருகிறது: "கொடுமைக்காரனை மட்டும்தான் தொடுவேன்."

ஆன் ரைஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1985-ல் எழுதிய நாவலில் லெஸ்டாட் என்ற காட்டேரி கொலைகாரர்களாகத் தேடிப் பிடித்துப் பசியாறுவான். ஸ்வீடன் எழுத்தாளர் யோன் லிண்ட்க்விஸ்ட் 2004-ல் எழுதிய நாவல் 2008-ல் படமாகவும் வந்தது. 12 வயதுத் தோற்றத்திலேயே நின்றுவிட்ட ஒரு காட்டேரி, பக்கத்து வீட்டுப் பையனைப் பள்ளியில் சித்திரவதை செய்யும் முரட்டுப் பசங்களைக் கடைசியில் பழி தீர்க்கும். அதற்கு முன்னால் அப்பாவிகளையும் அது கொன்றிருக்கிறது. ஆனாலும் நாம் கைதட்டுவது அந்த நீச்சல் குளக் காட்சிக்குத்தான்.

3/
ஏன் நமக்கு இது பிடிக்கிறது? சாவு ஆள் பார்த்து வருகிறது. தப்பு செய்தவன் மாட்டுகிறான், நல்லவன் தப்பிக்கிறான். நிஜத்தில் எந்தச் சாவும் இந்தக் கணக்குப்படி வருவதில்லை. அதனால் கதையிலாவது வரட்டும் என்று மனசு ஆசைப்படுகிறது.

சரி, வரலாற்றுக்கு வருவோம். "காட்டேரி" என்று நிஜமாகவே பெயர் வாங்கிய மனிதர்கள் யாரைக் கொன்றதாக ஊர் சொன்னது? கந்துவட்டிக்காரனையா? கொடுங்கோல் ஜமீன்தாரையா? இல்லீங்க. சொந்த அண்ணன், தம்பி, பெற்ற பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரர். காட்டேரி முதலில் தன் வீட்டைத்தான் தின்றது. அதற்கு ஒரு மருத்துவக் காரணம் உண்டு.

4/
முதலில் 1732. இன்றைய செர்பியாவில் மெட்வெஜா என்ற கிராமம். அப்போது அது ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் ஆட்சியில் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் அடுத்தடுத்துச் சாவு. ஊர் மக்கள் கைகாட்டியது, சில வருடங்களுக்கு முன் வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து இறந்த ஆர்னோல்ட் பாவ்லே என்பவரை. அவர் காட்டேரியாகி மற்றவர்களையும் காட்டேரியாக்கிவிட்டாராம்.

ராணுவ அறுவை மருத்துவர் யோஹான் ஃப்ளூக்கிங்கர் விசாரணைக்குப் போனார். கல்லறைகளைத் தோண்டிப் பார்த்து, 1732 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார். சில உடல்கள் அழுகவில்லை, உள்ளே ரத்தம் உறையாமல் இருந்தது, பழைய நகம் உதிர்ந்து புதிது தெரிந்தது என்று எழுதினார். அந்த அறிக்கை ஐரோப்பா முழுக்கப் பரவியது. "வேம்பயர்" என்ற சொல் ஊர் ஊராகப் போனதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

5/
அவர் பார்த்தது பொய்யில்லை. அவருக்கு விளக்கம்தான் தெரியவில்லை. இன்றைக்குத் தடயவியல் மருத்துவம் படிக்கும் மாணவர்களுக்கு இதெல்லாம் சாதாரணப் பாடம்:

* குளிரில் உடல் அழுகுவது ரொம்ப மெதுவாகும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தது மாதிரிதான்.
* இறந்த பிறகு ரத்தம் எப்போதும் கட்டியாகவே இருப்பதில்லை. பல உடல்களில் திரவமாகவே இருக்கும்.
* குடலில் வாயு சேர்ந்து வயிறு உப்பும். அந்த அழுத்தத்தில் வாய், மூக்கு வழியாகச் சிவந்த கருப்புத் திரவம் வரும். பார்ப்பவருக்கு "ரத்தம் குடிச்சிருக்கு" என்றுதான் தோன்றும்.
* மேல்தோல் நகத்தோடு உரிந்து வரும்போது, அடியில் தெரிவது புதுத் தோல் போல இருக்கும்.

6/
இதைத் தட்டிக் கேட்டவரும் ஒரு மருத்துவர்தான். 1755-ல் மொராவியாவில் இறந்த ஒரு பெண்ணைக் காட்டேரி என்று சொல்லித் தோண்டி எரித்துவிட்டார்கள். பேரரசி மரியா தெரேசா தன் அரண்மனை மருத்துவர் ஹெரார்ட் ஃபான் ஸ்வீட்டனிடம் விஷயத்தை ஒப்படைத்தார். குளிர், காற்றுப் புகாத பெட்டி, மண்ணின் தன்மை என்று இயற்கைக் காரணங்களை அவர் எடுத்துச் சொன்னார். அதன் பிறகு பேரரசி பிணங்களைத் தோண்டி எரிப்பதற்குத் தடை போட்டார்.

அத்தோடு முடிந்திருக்கணும். முடியவில்லை.

7/
137 வருடம் கழித்து, கடல் தாண்டி அமெரிக்காவுக்கு வருவோம். ரோட் ஐலண்ட் மாநிலம், எக்ஸெட்டர் என்ற கிராமம். ஜார்ஜ் பிரவுன் என்ற விவசாயி. 1883 டிசம்பரில் அவருடைய மனைவி மேரி இறந்தார். அடுத்த வருடமே மூத்த மகள், 20 வயது. சில வருடங்களில் மகன் எட்வினுக்கு இருமல், இளைப்பு. நல்ல காற்றுக்காக கொலராடோ மலைப்பகுதிக்குப் போனான். அவன் அங்கே இருக்கும்போதே தங்கை மெர்சிக்கும் அதே நோய், ரொம்ப வேகமாக. 1892 ஜனவரியில் அவள் இறந்தாள். வயது 19.

எல்லாருக்கும் வந்தது காசநோய். நம்ம ஊரில் பெரியவர்கள் அதற்கு வைத்த பெயர் எலும்புருக்கி. யாரோ உள்ளே இருந்து உருக்கித் தின்பது போல ஆள் கரைவார்கள். முகம் வெளுக்கும், சாயங்காலமானால் காய்ச்சல், இருமினால் ரத்தம். காலையில் எழும்போது வாயோரம் ரத்தக் கறை. நோய்க்கிருமி பற்றித் தெரியாத ஒருவர் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார், நீங்களே சொல்லுங்க.

8/
"இறந்த மூவரில் ஒருவர்தான் எட்வினைத் தின்கிறார்" என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். ஜார்ஜுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் மனைவி, இரண்டு மகள்களைப் பறிகொடுத்தவர், இருக்கும் ஒரு மகனாவது பிழைக்கட்டும் என்று ஊர் நெருக்கும்போது எவ்வளவு நேரம் எதிர்த்து நிற்பார்?

1892 மார்ச் 17. ஹரோல்ட் மெட்காஃப் என்ற மருத்துவரை வைத்துக்கொண்டு உடல்களைப் பார்த்தார்கள். அம்மாவும் அக்காவும் எலும்பாகியிருந்தார்கள். மெர்சி அப்படியே இருந்தாள். இதயத்தில் ரத்தம். இறந்து இரண்டு மாதம்தான், அதுவும் கடும் குளிர்காலம். இது இயற்கைதான், நுரையீரலில் தெரிவது காசநோய் என்று மெட்காஃப் சொன்னார். யாரும் கேட்கவில்லை.

இதயத்தையும் கல்லீரலையும் எடுத்து ஒரு பாறை மேல் எரித்தார்கள். சாம்பலைத் தண்ணீரில் கலந்து எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். மே 2-ம் தேதி எட்வினும் இறந்தான்.

9/
இதில் என் மனசை உறுத்தும் விஷயம் அந்தத் தேதி. காசநோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று ராபர்ட் காக் பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24. அதாவது, மெர்சியின் இதயம் எரிந்த நாளுக்குச் சரியாகப் பத்து வருடத்துக்கு ஒரு வாரம் குறைவு. விடை உலகத்தில் இருந்தது. ஆனால் கிருமியைக் கண்டுபிடித்தாயிற்றே தவிர, கொல்ல மருந்து இல்லை. கையில் மருந்து இல்லாத மருத்துவரின் பேச்சை விட, கையில் தீப்பெட்டி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் பேச்சுதான் ஜெயித்தது.

10/
இப்போது அந்த மருத்துவக் காரணம். காட்டேரி ஏன் வீட்டு ஆட்களை மட்டும் தின்றது? ஏன் இத்தனை பேர் இளைஞர்கள்?

காசநோய் காற்றில் பரவும். ஒரே அறையில் மாதக்கணக்கில் தூங்கி, சாப்பிட்டு, நோயாளிக்குப் பணிவிடை செய்பவருக்குத்தான் தொற்ற வாய்ப்பு அதிகம். அதாவது, நோயாளி மேல் யாருக்குப் பாசம் அதிகமோ அவருக்கு. தொற்றிய பிறகும் கிருமி பல வருடம் உள்ளே சும்மா தூங்கும். அதனால்தான் ஒரு சாவுக்கும் அடுத்த சாவுக்கும் நடுவில் வருடக்கணக்கில் இடைவெளி.

அடுத்தது வயது. ஐந்திலிருந்து பத்து வயது வரை உள்ள குழந்தைகளுக்கு, தொற்று இருந்தாலும் அது நோயாக மாறுவது குறைவு. வயதுக்கு வரும் பருவத்தில் அந்தப் பாதுகாப்பு குறையும். பெரியவர்களுக்கு வருவது போல நுரையீரலில் குழி விழும் நோய் அப்போதுதான் ஆரம்பிக்கும். சின்னப் பிள்ளையாக இருந்தவரை யாருக்கும் பெரிதாகப் பரப்பாத அதே உடம்பு, அந்தக் குழி விழுந்த பிறகு ஒவ்வொரு இருமலிலும் கிருமியை வெளியே தள்ளும்.

வயதுக்கு வந்ததும் பசியெடுக்கும் காட்டேரி என்று கதை சொல்கிறதே, அதன் அடியில் இருக்கும் உடற்கூறு இதுதான்.

11/
கதை எழுதியவர்கள் இந்த நோயாளியை என்ன செய்தார்கள் பாருங்க. கவிஞர் பைரனுக்குத் தனி மருத்துவராக இருந்த ஜான் பொலிடோரி, 1819-ல் வெளியான தன் கதையில் காட்டேரியைப் பணக்காரப் பிரபு ஆக்கினார். இளம் பெண்களைக் குறிவைக்கும் கொடூரன். 1897-ல் பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா அதையே உறுதி செய்தது. ஸ்டோக்கர் சேகரித்த குறிப்புகளில், அமெரிக்காவின் இந்தக் கல்லறை தோண்டல்களைப் பற்றிய 1896-ம் வருடப் பத்திரிகைச் செய்தியும் இருக்கிறது. குடிசையில் இருமிச் செத்தவர்கள், கோட்டையில் வாழும் வில்லன் ஆனார்கள்.

பிறகு 1976. அதே ஆன் ரைஸ் எழுதிய முதல் நாவல். அதில் க்ளாடியா என்ற குழந்தைக் காட்டேரி வருகிறது. மனசு வளர்கிறது, உடம்பு வளரவே மாட்டேன் என்கிறது. அந்தத் தாயின் மகள் ரத்தப் புற்றுநோயால் 1972-ல் இறந்திருந்தாள். ஆறு வயதுகூட முடியவில்லை. அந்தத் துக்கத்திலிருந்து வந்த நாவல் அது. ஒன்பது வருடம் கழித்துத்தான் கொலைகாரர்களை மட்டும் வேட்டையாடும் லெஸ்டாட் வந்தான்.

முதலில் நோயாளி, அடுத்து வில்லன், கடைசியில் நீதிபதி. காட்டேரியின் 250 வருட வரலாறு இவ்வளவுதான்.

12/
கதையில் நீதிபதி வரட்டும், தப்பில்லை. அந்தக் கணக்கை நோய்க்குப் போடும்போதுதான் ஆபத்து. "கெட்டவனுக்குத்தான் வரும்" என்று நம்ப ஆரம்பித்தால், வந்தவன் கெட்டவன் என்று ஆகிவிடும். எக்ஸெட்டரில் நடந்தது அதுதான். 19 வயதுப் பெண், எந்தத் தப்பும் செய்யாதவள், இறந்த பிறகு குற்றவாளி ஆனாள்.

காசநோய் என்று சொன்னதும் இன்றைக்கும் நோயாளிகள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மாசம் மாத்திரை?" என்பது இல்லை. "நான் என்ன பாவம் பண்ணேன் டாக்டர்?" அடுத்தது, "வெளியே யாருக்கும் தெரியாம பாத்துக்கலாமா?" தட்டு, டம்ளர் தனி. கல்யாணம் நின்றுவிடும் என்ற பயம். வீட்டுக்குள்ளேயே ஒரு கல்லறை கட்டிவிடுகிறோம்.

13/
இதற்குப் பதில் சொன்ன ஊர் எது தெரியுமா? நம்ம சென்னை.

1950-களில் மருந்து வந்துவிட்டது. ஆனால் நோயாளியைச் சானடோரியத்தில் பிரித்து வைத்துத்தான் ஆகணும் என்று உலகம் நம்பியது. அத்தனை படுக்கைக்கு இந்தியா எங்கே போகும்? 1956-ல் மெட்ராஸில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கியது. 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில்: ஓய்வு, நல்ல சாப்பாடு, காற்றோட்டம். இன்னொரு பாதி நெருக்கமான தங்கள் சொந்த வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டோடு. மருந்து இருவருக்கும் ஒன்றே, ஒரு வருடம்.

1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அதை விட முக்கியம், அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்த குடும்பத்தாரைத் தொடர்ந்து கவனித்ததில், அதனால் கூடுதல் ஆபத்து எதுவும் தெரியவில்லை. உலகமே சானடோரியங்களை மூட ஆரம்பித்ததற்கு இந்த மெட்ராஸ் ஆய்வு முக்கியமான காரணம். மருந்து சாப்பிடும் நோயாளியை வீட்டை விட்டு விரட்ட வேண்டியதில்லை என்று நிரூபித்தது நம்ம ஊர்.

14/
கடைசியாக, செய்ய வேண்டியவை:

* இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம் – இதில் எது இருந்தாலும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம்.
* சாதாரணக் காசநோய்க்குச் சிகிச்சை ஆறு மாதம். சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே பரவும் தன்மை வெகுவாகக் குறையும். நன்றாக இருக்கிறதே என்று நடுவில் நிறுத்தாதீர்கள்.
* வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லாரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கும் மற்றவர்களுக்கும் தடுப்பு மருந்து தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எட்வினுக்குச் சாம்பல்தான் கிடைத்தது. உங்க வீட்டு எட்வினுக்கு மாத்திரை இருக்கிறது.
* ஜன்னலைத் திறந்து வையுங்கள். தட்டையும் டம்ளரையும் பிரிக்காதீர்கள். அதில் இது பரவாது.

மெர்சி யாரையும் கடிக்கவில்லை. தன் வீட்டு ஆட்களோடு ஒரே கூரைக்கு அடியில் வாழ்ந்தாள், இருமினாள். உங்க தெருவில் யாராவது அப்படி இருமிக்கொண்டு இருந்தால், நாளைக்குக் காலையில் கூடப் போய் ஆஸ்பத்திரியில் வரிசையில் நில்லுங்க.

பயனுள்ளதாக இருந்தால் பகிருங்கள்.