கஅபாவைச் சுற்றி நின்ற நான்கு இமாம்கள்

சிங்கப்பூரிலோ பினாங்கிலோ தமிழ் முஸ்லிம்கள் அதிகம் கூடும் பள்ளிவாசல் ஒன்றில் மஃரிப் எனும் அந்தி நேரத் தொழுகையைக் கவனித்தவர்கள் இதைப் பார்த்திருக்கலாம். இமாம் திருக்குர்ஆனின் முதல் அத்தியாயத்தை ஓதி முடித்ததும் வரிசையில் சிலர் ‘ஆமீன்’ என்று உரக்கச் சொல்வார்கள். சிலர் உதட்டுக்குள் சொல்லிக்கொள்வார்கள். குனிவதற்கு முன் ஒருவர் இரு கைகளையும் தோள் வரை உயர்த்துவார். அடுத்து நிற்பவர் உயர்த்த மாட்டார். ஒருவர் நெஞ்சுக்குக் கீழே கை கட்டியிருப்பார், இன்னொருவர் தொப்புளுக்குக் கீழே. தொழுகை முடிந்ததும் இருவரும் கை கொடுத்துக்கொண்டு ஒன்றாகவே வெளியே வருவார்கள்.

முன்னவர் ஷாஃபி, பின்னவர் ஹனஃபி. ‘மத்ஹபு’ என்று சொல்லப்படும் இந்தச் சட்ட வழிகள் ஸுன்னி முஸ்லிம்களிடையே நான்கு உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் மரைக்காயர்கள் ஷாஃபி வழியினர். உள்நாட்டு ஊர்களின் ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். ஏமன், கேரளம், இலங்கை, சுமத்திரா என்று கடல் வாணிபம் சென்ற இடமெல்லாம் ஷாஃபி வழி சென்றது. மத்திய ஆசியாவிலிருந்து தரை வழியாக டெல்லிக்கு வந்தது ஹனஃபி வழி. இரண்டும் தமிழ் மண்ணில் சந்தித்துக்கொண்டன.

இப்படி ஒரே இமாமின் பின்னால் அனைவரும் நிற்பது எல்லாக் காலத்திலும் எல்லா இடத்திலும் இருந்த வழக்கமன்று. இஸ்லாத்தின் தலைமைப் பள்ளியான மக்காவில், கஅபாவின் முன்னிலையிலேயே, பல நூற்றாண்டுகள் நான்கு வழியினரும் நான்கு இமாம்களின் பின்னால் தனித்தனியாகத் தொழுது வந்தார்கள் என்பது இன்று பலர் அறியாத செய்தி.

இவர்கள் எதில் வேறுபட்டார்கள் என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். நம்பிக்கையின் அடித்தளத்தில் அல்ல. இறைவன், வானவர்கள், வேதங்கள், தூதர்கள், இறுதி நாள், விதி ஆகிய ஆறையும் நால்வரும் ஏற்கிறார்கள். கலிமா, தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ் என்ற ஐந்து கடமைகளிலும் வேறுபாடில்லை. நாளொன்றுக்கு ஐந்து வேளை, அதில் பதினேழு ரக்அத் கடமைத் தொழுகை என்பதும் எல்லாருக்கும் பொது. வேறுபாடு வருவதெல்லாம் ‘எப்படி’ என்ற கேள்வியில்தான். கை எங்கே இருக்க வேண்டும்? அஸர் நேரம் எப்போது தொடங்குகிறது? ஒளு எதனால் முறிகிறது?

இக்கேள்விகளுக்கு விடை தேடிய நால்வரும் ஒருவருக்கொருவர் பகைவர்களாகவும் இருக்கவில்லை. கூஃபாவில் வாழ்ந்த அபூ ஹனீஃபா 767-இல் மறைந்தார். ஷாஃபி காஸாவில் பிறந்தது அதே ஆண்டில். இவர் மதீனாவுக்குச் சென்று மாலிக் இப்னு அனஸிடம் பாடம் கேட்டார். பக்தாதின் அஹ்மத் இப்னு ஹன்பல் இந்த ஷாஃபியிடம் பாடம் கேட்டார். ஆசிரியருக்கும் மாணவருக்கும் கருத்து மாறுபட்டது. மாறுபட்டதை இருவருமே எழுதியும் சொல்லியும் வைத்தார்கள், அவ்வளவுதான்.

மாலிக் பற்றி வரலாற்று நூல்கள் கூறும் ஒரு செய்தி இங்கே பொருத்தமானது. அப்பாசிய கலிஃபா ஒருவர், அல்-மன்சூர் என்றும் ஹாரூன் அர்-ரஷீத் என்றும் இரு விதமாகச் சொல்வார்கள், மாலிக்கின் ‘முவத்தா’ நூலைப் பேரரசு முழுவதற்கும் ஒரே சட்டமாக்க விரும்பினாராம். தம் நூலுக்குக் கிடைக்கவிருந்த அந்தப் பெருமையை மாலிக்கே வேண்டாம் என்று மறுத்துவிட்டார். நபித்தோழர்கள் பல ஊர்களுக்குச் சென்று கற்பித்திருக்கிறார்கள், ஒவ்வோர் ஊராரும் தங்களுக்கு வந்து சேர்ந்ததைப் பின்பற்றுகிறார்கள், அவர்களை அப்படியே விட்டுவிடுங்கள் என்பதே அவர் சொன்ன காரணம். அதிகாரம் தேடி வந்தபோதும் தம் கருத்தை மற்றவர் மீது திணிக்க மறுத்த அறிஞர்கள் எந்தச் சமயத்திலும் அதிகம் இல்லை.

பின்னால் வந்தவர்களுக்கு அந்தப் பொறுமை இருந்ததாகத் தெரியவில்லை. ஸ்பெயினிலிருந்து புறப்பட்டு 1183-இல் மக்கா வந்து சேர்ந்த பயணி இப்னு ஜுபைர், தாம் கண்டதை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். இப்ராஹீம் நபி நின்ற இடமாகப் போற்றப்படும் ‘மகாமு இப்ராஹீம்’ பின்னால் ஷாஃபி இமாம். கஅபாவின் கூரை நீர் வடியும் குழாய்க்கு எதிரே ஹனஃபி இமாம். ஏமன் பக்க மூலைக்கு எதிரே மாலிகி இமாம். அந்த மூலைக்கும் கருங்கல்லுக்கும் இடைப்பட்ட பக்கத்தை நோக்கி ஹன்பலி இமாம். இவர்கள் போதாதென்று ஸைதி எனும் ஷியாப் பிரிவினருக்கு ஐந்தாவதாக ஓர் இமாமும் இருந்தார். (632-இல் நபிகள் மறைந்தபின் தலைமை யாருக்கு என்பதில் தொடங்கி, 680-இல் கர்பலாவில் ஹுஸைன் கொல்லப்பட்டதில் ஆழமாகிப்போன ஸுன்னி–ஷியா பிளவு வேறு கதை. அது சட்ட வழி பற்றியதல்ல.)

மற்ற வேளைகளில் ஓர் இமாம் முடித்தபின் அடுத்தவர் தொடங்குவார். மஃரிபுக்கு நேரம் குறைவு என்பதால் எல்லா இமாம்களும் ஒரே சமயத்தில் தொழுவிப்பார்கள். அப்போது நான்கு பக்கமிருந்தும் ‘அல்லாஹு அக்பர்’ என்ற குரல் எழும். எது தம் இமாமின் குரல் என்று தெரியாமல் மாலிகி ஒருவர் ஷாஃபி இமாமுடன் குனிவார். இன்னொருவர் வேறோர் இமாமின் ஸலாமைக் கேட்டுத் தொழுகையை முடித்துவிடுவார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1326-இல் ஹஜ்ஜுக்கு வந்த இப்னு பதூதாவும் இதே குழப்பத்தையே குறிப்பிடுகிறார். அத்தனை காலமாகியும் எவரும் அதை மாற்றவில்லை!

மாற்றாததற்குக் காரணம் உண்டு. இமாம் பதவி என்பது ஊதியமும் மதிப்பும் கொண்ட பதவி. ஆட்சியாளர்களுக்கும் நான்கு வழியினரையும் அணைத்துச் செல்ல வேண்டியிருந்தது. கெய்ரோவில் சுல்தான் பைபர்ஸ் 1265-இல் நான்கு மத்ஹபுக்கும் நான்கு தலைமைக் காஜிகளை நியமித்தார். எவரும் விடுபடக்கூடாது என்ற நல்ல எண்ணம் அதில் இல்லாமலில்லை. ஆனால் மக்காவில் அதே எண்ணம், நாளடைவில் தூண்கள் வைத்துக் கூரை வேய்ந்த தனித்தனி மண்டபங்களாக நின்றுவிட்டது. கருத்து வேறுபாட்டுக்குக் கட்டடம் எழுப்பிவிட்டால் பிறகு அதை இடிப்பது எளிதல்ல.

இடித்தவர்கள் வேறொரு திசையிலிருந்து வந்தார்கள். 1924-இல் இப்னு சவூதின் படைகள் மக்காவுக்குள் நுழைந்தன. 1926-இல் அவர் ஹிஜாஸின் அரசரானார். அந்த ஆண்டுகளில் தனித்தனித் தொழுகைகள் நிறுத்தப்பட்டு, ஒரு வேளைக்கு ஓர் இமாம் என்ற முறை வந்தது. மண்டபங்கள் இன்னும் சில காலம் வெறுமனே நின்றன. 1950-களில் தொடங்கிய பள்ளி விரிவாக்கத்தின்போது அவை அகற்றப்பட்டன.

இதை முழுமையான வெற்றிக் கதையாகச் சொல்லிவிட முடியாது. தொழுகையை ஒன்றாக்கிய அதே கைகள்தாம் மதீனாவில் பகீஃ அடக்கத்தலத்தின் குவிமாடங்களையும் தகர்த்தன. அடக்கத்தலங்களை நாடிச் செல்லும் வழக்கமுள்ள முஸ்லிம்களுக்கு, இந்தியாவில் இருந்தவர்களுக்கும்தான், அது ஆறாத வருத்தம். 1830 வாக்கிலேயே சிங்கப்பூரின் தெலுக் ஆயர் வீதியில் நாகூர் தர்கா எழுப்பிய தமிழர்களின் வழிவந்தவர்களுக்கு அந்த வருத்தம் புரியாமலிருக்காது. மாலிக் மறுத்த வழியில், அதாவது அரசாணையால், வந்த ஒற்றுமை அது. என்றாலும் கஅபாவின் முன்னே ஒரே குரலுக்குக் குனிவதைக் குறை சொல்ல எவருக்கும் மனம் வராது.

மத்ஹபுகள் அதனால் மறைந்துவிடவில்லை. இன்று மக்கா இமாமின் பின்னால் நிற்கும் மாலிகி தம் கைகளைத் தொங்கவிட்டபடியே தொழலாம். ஷாஃபி உரக்க ஆமீன் சொல்லலாம். பொருளின் நிழல் இரு மடங்கான பிறகே அஸர் என்று ஊரில் காத்திருக்கும் ஹனஃபியும், நிழல் ஒரு மடங்கானதும் அங்கே நடக்கும் அஸர் ஜமாஅத்தில் கலந்துகொள்கிறார்.

மலேசிய, சிங்கப்பூர் ஹாஜிகளின் நிலை இன்னும் சுவையானது. ஷாஃபி வழியில் அந்நிய ஆணும் பெண்ணும் மேனியில் பட்டுவிட்டால் ஒளு முறிந்துவிடும். கஅபாவைச் சுற்றும் நெரிசலில் படாமல் நடப்பது எப்படி? அந்த நேரத்துக்கு ஹனஃபி வழியைப் பின்பற்றிக்கொள்ளலாம் என்று ஹஜ் வகுப்புகளில் சொல்லித்தரப்படுவதுண்டு. ஹனஃபி வழியில் தொடுவதால் மட்டும் ஒளு முறியாது. ஆனால் வசதியை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. ஒளுவையும் அந்த வழிப்படியே செய்ய வேண்டும். ஷாஃபிக்குச் சில முடிகளில் ஈரம் பட்டாலே போதும், ஹனஃபிக்குத் தலையில் கால் பங்கையாவது தடவ வேண்டும். காலில் முள் குத்தி இரத்தம் வடிந்தால் ஷாஃபிக்கு ஒளு நிலைக்கும்; வழி மாறிய பிறகு, திரும்பிப் போய்த் தண்ணீர்க் குழாயைத் தேட வேண்டியதுதான்.