வாசலில் பூக்கும் பெரிய பூ: நெட்டியிலிருந்து ஃபோம் ஷீட் வரை

 கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் கள்ளக்குறிச்சியில் ஒரு புதுமனை புகுவிழா. போர்ட்டிகோ தூணில் குடை அகலத்துக்கு மூன்று ரோஜாப் பூக்கள். எல்லாம் ஃபோம் ஷீட். ஒரு நாள் வாடகைக்கு எடுத்தார்களாம். தொகையைக் கேட்டால் அந்த மாத மளிகைக்கு ஆகும். "இப்ப வந்த ஃபேஷன் டீச்சர்" என்றார் வீட்டம்மா. ஃபேஷன் என்னவோ புதிதுதான். ஆனால் வாசலில் பெரிதாகப் பூச் செய்து வைக்கும் வேலை நம்மிடம் மிகப் பழையது, அதற்குக் காசு கொடுத்து வாடகைக்கு எடுப்பதுதான் புதிது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

நம் பக்கத்து வாசல் அலங்காரத்துக்கு முதலில் காசே கிடையாது. போகியன்று காப்புக் கட்டுகிறோமே, ஆவாரம்பூ, சிறுபீளை, வேப்பிலை. மூன்றும் வேலியோரம் சும்மா கிடப்பவை. கூரை முகப்பில் செருகினால் முடிந்தது. கல்யாணம் என்றால் வாழைமரம், மாவிலை, தென்னங்குருத்துத் தோரணம். குருத்தை மடித்துக் கிளி செய்வார்கள், பூச் செய்வார்கள்.

இதெல்லாம் இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். வாடாத பூ வேண்டுமென்றால் கையால்தான் செய்ய வேண்டும். சங்க காலத்து அரசர்கள் பாணர்களுக்குப் பொன்னால் செய்த தாமரையைப் பரிசாகக் கொடுத்ததைப் புறநானூறு சொல்கிறது. (நம் திருக்கோவலூர் மலையமான் திருமுடிக்காரிக்குத் தேர் கொடுத்த பெருமை உண்டு.) அது அரசர் வீட்டுப் பூ. எளியவர் பூ சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. இந்திரவிழவூரெடுத்த காதையில், புகாரின் மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளர் வரிசையில், துணியிலும் கிடையிலும் கைவேலை செய்பவர்களைச் சேர்த்திருக்கிறார் இளங்கோ. கிடை என்றால் நெட்டி. பத்தாம் வகுப்பில் இந்தப் பகுதி வந்தால் "நெட்டி என்றால் என்ன?" என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். காட்டுவதற்குத்தான் கையில் இருக்காது.

நெட்டி குளத்திலும் சதுப்பிலும் வளரும் செடி. பழுப்புத் தோலைச் சீவினால் உள்ளே பால் வெள்ளையாகத் தக்கை இருக்கும். கூர்மையான கத்தியால் தண்டைச் சுற்றிச் சுற்றி அறுத்து, தாள் மாதிரி நீளமாக விரித்தெடுப்பார்கள். அதில் இதழ் வெட்டினால் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பவருக்கு நிஜப் பூவேதான். எடையோ இல்லவே இல்லை. எவ்வளவு பெரிதாகச் செய்தாலும் ஒரு நூலில் தொங்கும். வங்காளத்தில் இதை ஷோலா என்பார்கள். மணமகன் தலையில் வைக்கும் டோபோர் அதில் செய்ததுதான். வெள்ளைக்காரத் துரைமார் போட்ட 'சோலா தொப்பி'யும் இந்தத் தக்கைதான். சோலா என்பதை 'சோலார்' என்று நினைத்துக்கொண்டு வெயில் தொப்பி என்று பொருள் சொன்னவர்கள் உண்டு!

சோழநாட்டுப் பக்கம் மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் போட நெட்டி மாலை கட்டுவார்கள். சாயம் தோய்த்த நெட்டித் துண்டுகளைக் கோத்த மாலை. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மறு ஆண்டு நம் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கும் கிடைத்தது. பழைய வீடுகளின் நிலைக்கதவில் மரத் தாமரை செதுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் வாசல் பூதான், பணம் உள்ளவர்களுக்கு. இல்லாதவர்களுக்கு எடை குறைந்த பொருள் எதுவோ அது. நம் தெருக்கூத்துக் கிரீடம்கூடக் கல்யாணமுருங்கைக் கட்டையில் செய்து ஜிகினாத் தாள் ஒட்டியதுதானே.

பிறகு தாள் வந்தது. 1900களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டென்னிசன் கம்பெனி, தான் விற்ற க்ரேப் தாளில் பூச் செய்வது எப்படி என்று சிறு புத்தகங்கள் போட்டே தாளை விற்றது. நம் பள்ளிகளுக்குத் தாள் கைவேலை வந்த வழி வேறு. 1937இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியில் கைத்தொழில்தான் நடு. நான் பயிற்சி பெற்ற காலத்தில் நூற்பு குறைந்து போய்விட்டது, கைவேலை நோட்டு மட்டும் மிஞ்சியிருந்தது. இதழை அடியில் கீறி, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் கிண்ணம் போலக் குழியும் என்பதை அங்கேதான் கற்றேன். சொல்லப்போனால் பெரிய பூவின் ரகசியமே அந்தக் கீறல்தான்.

அடுத்து தெர்மாகோல். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நடந்த எந்தக் கல்யாண போட்டோவை எடுத்தாலும் பின்னால் தெர்மாகோல் பூ, தெர்மாகோல் எழுத்து, மேலே ஜிகினாத் தூள். நெட்டியைப் போலவே வெள்ளை, நெட்டியைப் போலவே எடையில்லாதது. ஆனால் கடையில் அட்டையாகக் கிடைத்தது. குளத்தில் இறங்க வேண்டாம். நெட்டிக்காரரின் பிழைப்பில் மண் விழுந்தது இப்படித்தான். 2022 ஜூலை 1 முதல் அலங்காரத்துக்குத் தெர்மாகோல் பயன்படுத்துவது நாடு முழுக்கத் தடை. சரி, நெட்டி திரும்பி வருமா என்றால், வந்தது ஃபோம் ஷீட். அதுவும் பிளாஸ்டிக்தான், ஆனால் தடைப் பட்டியலில் இல்லை. தெர்மாகோல் காலத்தில் வீட்டுப் பையன்களே பிளேடை வைத்து அறுத்தார்கள். இப்போது அதையும் டெக்கரேஷன்காரரிடம் விட்டுவிட்டோம். எனக்கு வருத்தம் அதில்தான்.

கல்வராயன் மலையில் நான் வேலை பார்த்த பள்ளியில் ஆண்டு விழாவுக்கு அலங்காரச் செலவு என்று தனியாக எதுவும் கிடையாது. மலையில் பனி இறங்கினால் காகிதப் பூ தொங்கிவிடும் என்பதால் பிள்ளைகளிடமே கேட்டேன். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "மக்காச்சோளத் தோல் தொங்காது டீச்சர்" என்றாள். கதிரை மூடியிருக்கும் தோலைத்தான் சொன்னாள். அறுவடை முடிந்த காடுகளில் குவியலாகக் கிடக்கும். நடுவில் வைக்கச் சோளத்தட்டையின் வெள்ளைத் தக்கையைக் கொண்டு வந்தார்கள். அதில் வண்டி செய்து விளையாடுகிற பிள்ளைகள் அதையும் நெட்டி என்றே சொன்னார்கள். சிலப்பதிகாரத்துக் கிடையைப் பாடமாக நடத்தாமலே காட்டிவிட்டார்கள் என்று அன்று நினைத்துக்கொண்டேன். மூங்கில் சிம்பும் ஊரில் கிடைத்தது. பள்ளி வராந்தாவில் இரண்டடி அகலத்தில் ஆறு பூ. கடையில் வாங்கியது சாயப்பொடி மட்டும்.

செய்முறை கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். தோலை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்துச் சாயத்தில் தோய்த்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் சுருண்டுவிடும். மூன்று தோலைப் பக்கம் பக்கமாக மூங்கில் சிம்பில் ஒட்டினால் ஓர் அடி நீளப் பெரிய இதழ். வெளிச்சுற்றுக்கு ஒன்பது, நடுச்சுற்றுக்கு ஏழு, உள்ளே ஐந்து. பழைய அட்டைப்பெட்டியில் எட்டு அங்குல வட்டம் வெட்டி, வெளிச்சுற்றிலிருந்து உள்ளே ஒட்டிக்கொண்டு வாருங்கள். பசைக்கு ஃபெவிகால் வேண்டாம், நம் ஊர் மரவள்ளிக் கிழங்கு மாவைக் காய்ச்சினால் போதும். பூச்சி அரிக்காமல் இருக்கச் சிட்டிகை மயில்துத்தம் சேர்ப்பது பழைய பைண்டிங்காரர் வழக்கம். துத்தம் விஷம், அதை மட்டும் பெரியவர்களே கலக்குங்கள், சமையல் பாத்திரத்தில் காய்ச்சாதீர்கள்.